லீவு முடிஞ்ச மறுநாள் வர்ற மூச்சடைப்பு

எங்க அப்பா கோவை பக்கம் ஒரு நூல் மில்லுல, புளோ ரூம்ல 22 வருஷம் இருந்தார். பேலைப் பிரிச்சுப் பஞ்சை மிஷினுக்குக் கொடுக்கிற வேலை. ஷிப்டு முடிஞ்சு வர்றப்ப புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையா இருக்கும். தலையை உதறிட்டுத்தான் வாசப்படி ஏறுவார். ராத்திரி ஒரு துண்டு வெல்லம் கண்டிப்பா வேணும். உள்ள போன பஞ்சு அதோட இறங்கிடும்னு மில்லுல எல்லாருக்கும் நம்பிக்கை. வெல்லம் போற வழி வேற, தூசி போற வழி வேறங்கறத யாரும் சொல்லல.

புதன்கிழமையானா அவருக்கு நெஞ்சு இறுகும். சனிக்கிழமைக்குள்ள சரியாயிடும். பீடி உண்டான்னு கேட்டாங்க (கிடையாது), சளி டெஸ்ட் எடுத்தாங்க, ஆஸ்துமான்னு மருந்து கொடுத்தாங்க. எக்ஸ்ரேயில ஒண்ணுமே இல்ல. பைசினோசிஸ், அதாவது பஞ்சுத் தூசியால வர்ற நுரையீரல் நோய், பெரும்பாலும் எக்ஸ்ரேல பிடிபடாதாம். லீவு முடிஞ்ச முதல் நாள், ஷிப்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் மூச்சை ஊதவெச்சு அளந்து பார்க்கணும்.

கடைசியா ஒரு டாக்டரம்மா, "திங்கட்கிழமை இழுக்குதா?"ன்னு கேட்டாங்க. அப்பா வெள்ளந்தியா, "இல்லீங்க, புதன்கிழமைங்க"ன்னுட்டார். நான்தான், "மில்லுக்கு ஞாயிறு இல்லீங்க, செவ்வாய் லீவுங்க"ன்னேன். அதுக்கப்புறம் அவங்க கேட்டது பூராவும் மில்லைப் பத்தித்தான்.

அப்ப இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தோட மூணாவது அட்டவணையில இந்த நோய் இருந்துச்சு. கண்டுபிடிக்கிற டாக்டர் தொழிற்சாலைத் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிச்சாகணும்னு இருந்துச்சு. டாக்டரம்மா எழுதினாங்க. அப்பாவை பேக்கிங்குக்கு மாத்தினாங்க. அதுக்குள்ள மாடிப்படி ஏற முடியாத நிலைமை வந்துடுச்சு.

* * *

(இதைப் படிச்ச ஒரு அண்ணா எழுதினது:) தங்கச்சி, எங்க மாமா கதை நேர் எதிர். கல் கிரஷர்ல வேலை. எக்ஸ்ரே பூராம் புள்ளி புள்ளியா இருந்துச்சு. டிபின்னு ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டார். என்ன வேலைன்னு யாருமே கேக்கல. கடைசியில அது சிலிகோசிஸ், கல் தூசியால வர்ற நுரையீரல் நோய். இது வந்தவங்களுக்கு டிபியும் லேசா ஒட்டிக்குமாம், அதனால ரெண்டையும் பார்க்கணும்னாங்க. கிரஷர்ல தண்ணி தெளிக்கிற குழாய் இருக்கத்தான் செய்யுது. ஈரம் பட்டா சல்லடை அடைக்குதுன்னு மூடியே வெச்சிருப்பாங்க.

* * *

(அவருக்கு நான் எழுதின பதில்:) அண்ணா, மாமாவோட பழைய எக்ஸ்ரே, ஈஎஸ்ஐ கார்டு, சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க. அப்பா முதல் எட்டு வருஷம் அங்க இருந்ததுக்கு எங்ககிட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்ல.