மறு: ஃபோக்கஸ் ஸ்டாக்கிங் - ‘குவிய அடுக்கல்’ வேணாம், ‘சீவலடுக்கு’ சரியா வருமா?

வணக்கம் ஐயா, மத்த எல்லாருக்கும் வணக்கம். ஃபோக்கஸ கொஞ்சங்கொஞ்சமா மாத்தி பல படம் எடுத்து, தெளிவான பகுதிகள ஒண்ணா சேக்கிறதுதான் ஃபோக்கஸ் ஸ்டாக்கிங். அதுக்கு நீங்க எழுதின தமிழ்ச் சொல் இது:

> ஃபோக்கஸ் - குவியம், ஸ்டாக்கிங் - அடுக்கல். ஆகவே ‘குவிய அடுக்கல்’.

இலக்கணப்படி தப்பே இல்ல ஐயா, ஆனா இங்க மலேசியாவுல சுங்கை சிப்புட்ல படம் எடுக்க வர்ற பசங்ககிட்ட சொல்லிப் பாத்தேன், அவங்க காதுல ‘குவியல்’னுதான் விழுது, படத்தையெல்லாம் குமிச்சு வெக்கிறதுன்னு நெனச்சுக்கிறாங்க. அதோட நாம அடுக்குறது குவியத்த இல்லையே.

நேத்து காலைல நடந்தத சொல்றேன். தோட்டத்து ரோட்டோரமா மஞ்சப் பூ டர்னேரா நட்டிருப்பாங்க, தானே பின்னின பைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு செம்பனை (எண்ணெய்ப்பனை) ஓலைய திங்கிற புழு இருக்கே, அத அழிக்கிற குளவிகளுக்குத் தேன் கெடைக்கணும்னு. அந்த இலைக்கு அடியில பனித்துளியோட ஒரு குளவி தனியா உக்காந்திருந்துச்சு. வெயில் ஏறல, அதனால அசையல. (கூட்டுக்குப் பக்கத்துல போய் யாரும் இத செய்யாதீங்க, றெக்கைய தூக்கிக் காட்டுச்சுன்னாலே பின்வாங்கிடணும்.)

1 செ.மீ. பூச்சி கேமரா சென்சார்லயும் 1 செ.மீ.யா விழுற அளவுக்கு எடுத்தா, லென்ஸ் துவாரத்த எஃப் 8 அளவுக்கு சின்னதா வெச்சாலும் தெளிவா கெடைக்கிறது கிட்டத்தட்ட 1 மி.மீ. தடிப்புதான். உச்சந்தலையில இருக்கிற மூணு சின்னக் கண்ணு பளிச்சுனு இருந்தா தாடை மங்கிடுது, தாடைய புடிச்சா உணர்கொம்பு நுனி போயிடுது. துவாரத்த இன்னும் சின்னதாக்கினா ஒளி வளைஞ்சு பரவி மொத்தப் படமும் சோந்துபோகும். அதனால ஃபோக்கஸ மயிரிழை மயிரிழையா நகத்தி 24 படம் எடுத்தேன், ஒவ்வொண்ணுலயும் தெளிவா விழுந்த மெல்லிசான பகுதிய மட்டும் சாஃப்ட்வேர் எடுத்து ஒண்ணாக்குது. நடுவுல குளவி ஒரு தடவ அசைஞ்சிடுச்சு, ஒரு உணர்கொம்பு ரெண்டா விழுந்துடுச்சு, அது ஒண்ணுதான் குறை.

அந்த மெல்லிசு பகுதிக்கு எங்க வீட்டுல பேரு ஏற்கனவே இருக்கு. அம்மா முப்பது வருஷம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவுனவங்க. கத்தி ஒரு தடவைக்கு எடுக்கிற பட்டை ஒன்றரை மி.மீ. போலத்தான் இருக்கும், சுருண்டு கீழ விழும், அதுதான் சீவல். கேமராவும் அதே மாதிரிதான் குளவிய சீவிச் சீவி எடுக்குது. அதனால ஒரு படத்துல தெளிவா விழுற பகுதி ‘தெளிசீவல்’, எல்லாத்தையும் சேத்தா ‘சீவலடுக்கு’. ‘சீவலடுக்குல எடுத்தேன்’, ‘இருபது சீவல் போதும்’னு பேச்சுலயும் சுலபமா வருது, பசங்களுக்கு வெளக்கமே தேவைப்படல.

சீவல்னா பாக்குச் சீவல்தானேன்னு ஒரு அக்கா கேட்டாங்க. அதுவும் மெல்லிசா சீவுனதுதானே அக்கா, பொருள் முட்டல. ஆனா டெப்த் ஆஃப் ஃபீல்டுக்கு (ஒரு படத்துல முன்ன பின்ன எவ்வளவு தூரம் தெளிவா விழுதுங்கிறதுக்கு) இந்தச் சொல்ல நீட்ட வேணாம், மலைய எடுக்கிறப்ப தெளிவு கிலோமீட்டர் கணக்குல போகும், அத சீவல்னு சொல்ல முடியாது. அதுக்கு ‘தெளிவாழம்’ இருக்கட்டும்.

பசங்களுக்கான பூச்சிப் படக் குறிப்பேடு அடுத்த வாரம் அச்சுக்குப் போகுது ஐயா. இதவிட நல்ல சொல் இருந்தா சனிக்கிழமைக்குள்ள எழுதுங்க, மாத்திடறேன்.