கஸ்ஸாலி இமாம் அறிவுக்குக் கதவைச் சாத்தினாரா?

தெம்பனிஸ் தம்பி:
ஜாமிஆ சூலியா பள்ளியில் ஜும்ஆ முடிந்து வரும்போது ஒரு பெரியவர், "கஸ்ஸாலிதான் நம்மிடையே பகுத்தறிவுக்குக் கதவைச் சாத்தினார்" என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அந்த மார்க்க அறிஞர் 1095இல் தத்துவவாதிகளை மறுத்து ஒரு நூல் எழுதிவிட்டு, அதே ஆண்டு பாக்தாத் நிஜாமியா மதரஸா வேலையை விட்டு சூஃபி வழியில் போனார். பஞ்சு எரிவது நெருப்பால் அல்ல, இறைவன் நாட்டத்தால் என்றவர் அறிவியலுக்கு எப்படி இடம் தருவார்?

கடையநல்லூர் பேரன்:
பாதியைத்தான் கேட்டிருக்கிறீர்கள் தம்பி. கிரகணத்துக்கு வானியலார் தரும் கணக்கை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே கேடு செய்கிறார் என்பது அதே நூலின் முன்னுரையில் இருக்கிறது. சூஃபியான பிறகு எழுதிய 'முஸ்தஸ்ஃபா'வில், தர்க்கம் தெரியாதவரின் இல்மை (கல்வியறிவை) நம்ப முடியாது என்கிறார். ஆரோக்கியத்தின் இலக்கணம் தெரிவது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு என்பார். அந்த இரண்டாவதுதான் 'தவ்க்', சுவைத்தறிதல். டுரியான் தின்னாதவனுக்கு அதன் ருசியை எத்தனை பக்கம் எழுதிப் புரியவைப்பீர்கள்?

தெலுக் ஆயர் வாசகி:
அண்ணே, கேலாங் கடையில் டுரியான் வாங்கி யாரும் தின்று பார்க்கலாம். சூஃபி குருவான ஷைகின் கல்பில் (உள்ளத்தில்) உதித்ததை நான் எங்கே போய்ச் சரிபார்ப்பது? அந்த வழி இருக்கிறதென்றே வைத்துக்கொண்டாலும் எல்லாருக்கும் பொதுவானதல்ல என்றார், கஸ்ஸாலியை மறுத்து எழுதிய தத்துவவாதி இப்னு ருஷ்து.

எனக்கு இது ஏட்டு விவகாரமல்ல. என் அத்தாவுக்குச் சர்க்கரை. கனவில் உத்தரவு வந்ததென்று ஒருவர் மருந்தை நிறுத்தச் சொல்ல, அத்தாவும் ஒரு வாரம் நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, "உனக்கு அந்த நிலை வாய்க்கவில்லை" என்று என் வாயை அடைத்தார்கள்.

கடையநல்லூர் பேரன்:
அத்தா இப்போது நலமா தங்கச்சி? அந்த ஆள் செய்தது பெரிய தப்பு. ஆனால் கஸ்ஸாலியே கோடு கிழித்திருக்கிறார். இறைத் திருநாமங்கள் பற்றிய நூலில், நடக்கவே முடியாதென்று அறிவு தீர்ப்பளிப்பது வலிமாருக்கும் (இறைநேசர்களுக்கும்) வெளிப்படாது, அறிவுக்கு எட்டாதது வெளிப்படலாம் என்கிறார்.

தெலுக் ஆயர் வாசகி:
நலம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தக் கோடு அந்த ஆளைத் தடுக்காதே! மருந்தில்லாமல் சர்க்கரை இறங்குவது தர்க்கப்படி முடியாததல்ல. தம்பி கேட்ட பஞ்சுக்கே வந்துவிட்டோம். காரணங்களை மறுப்பவன் அறிவையே மறுக்கிறான் என்று இப்னு ருஷ்து எழுதியது இதற்குத்தான்.

கடையநல்லூர் பேரன்:
நெருப்பு பட்டால் பஞ்சு எரியும், அது அல்லாஹ் நடத்திவரும் வழக்கம் என்றுதான் கஸ்ஸாலியும் சொல்கிறார். அவருடைய 'இஹ்யா' நூலில் தவக்குல், அதாவது இறைவனிடம் பொறுப்பை விடுதல், பற்றிய பாடத்தைப் பாருங்கள். பசிக்கு ரொட்டி, தாகத்துக்குத் தண்ணீர் போன்ற உறுதியான காரணங்களைக் கைவிடுவது தவக்குலே அல்ல. மருந்து சாப்பிடுவதும் தவக்குலுக்கு முரணல்ல.

தெலுக் ஆயர் வாசகி:
அந்தப் பாடத்தை அத்தாவுக்கு இன்றிரவே வாசித்துக் காட்டுகிறேன். பஞ்சு விஷயத்தில் மட்டும் நான் இப்னு ருஷ்து பக்கம்தான் அண்ணே.