கொடைக்கானல் வீட்டு வாடகை: இந்தப் பணக் கோரிக்கையை நம்பலாமா?

அனைவருக்கும் வணக்கம். மே மாத விடுமுறையில் வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு கொடைக்கானல் செல்ல எண்ணி, முன்பதிவுத் தளம் ஒன்றில் வட்டக்கானல் அருகே ஒரு தனி வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறோம். தளத்தின் வழியாக விசாரித்தவுடனேயே, உரிமையாளர் என்று சொல்லிக்கொள்பவர் வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்லி, முழு வாடகையையும் இன்று மாலைக்குள் யுபிஐ மூலம் நேரடியாக அனுப்பினால் பெரிய தள்ளுபடி தருவதாகவும், தாமதித்தால் வேறு குடும்பத்துக்கு வீட்டைக் கொடுத்துவிடுவதாகவும் கூறுகிறார். அவர் அனுப்பிய க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் விளம்பரத்தில் உள்ள பெயர் வரவில்லை. வேறொருவரின் பெயர் வருகிறது. கேட்டால், அது கணக்காளரின் கணக்கு என்கிறார். வீடியோ அழைப்பில் வீட்டைக் காட்டச் சொன்னதற்கு, மலையில் சிக்னல் இல்லை என்று மறுத்துவிட்டு ஓர் ஆதார் அட்டையின் படத்தை அனுப்பினார். யாருடைய ஆதார் படத்தையும் யார் வேண்டுமானாலும் அனுப்ப முடியும் என்பதால், அதை நான் சான்றாகக் கருதவில்லை.

தளத்துக்கு வெளியே செலுத்தும் பணத்துக்குத் தளம் பொறுப்பேற்பதில்லை என்பதால் இதுவரை எதையும் அனுப்பவில்லை. ஆயினும், உண்மையான உரிமையாளர்கள் சிலரும் கமிஷனைத் தவிர்க்க இவ்வாறு கேட்பதுண்டு என்பதே என் குழப்பம்.

வட்டக்கானல் பக்கம் வீடு எடுத்துத் தங்கியவர்கள், பணம் செலுத்தும் முன் உரிமையாளரை எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். அங்கேயே வசிப்பவர் எவரேனும் வீட்டை நேரில் பார்த்துச் சொல்ல இயலுமானால் பேருதவியாக இருக்கும். மேலும், பணத்தை இழக்காத நிலையிலும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் இத்தகையவரின் வாட்ஸ்அப் எண்ணைப் பற்றித் தகவல் தரலாமா என்பதையும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.