பூஞ்சைப்போலி: ஒரு சொல் பரிந்துரை

வணக்கம்.

ஒட்டகம், குதிரை, மாடு ஆகியவற்றில் பூஞ்சை மாதிரியே தெரியும் தொற்றுகளை முந்தைய மடலில் ‘பூஞ்சையை ஒத்த தொற்று’ என்று எழுதியிருந்தீர்கள். பொருள் சரி. ஆனால் அது விளக்கமாக நிற்கிறது, சொல்லாகவில்லை. ‘பூஞ்சைப்போலி’ என்று வைக்கலாமா?

‘போலி’ என்றதும் போலி மருத்துவர் ஞாபகம் வரும், தெரியும். ஆனால் அமீபா நகர்வதற்கு நீட்டும் போலிக்காலை யாரும் பித்தலாட்டக் கால் என்று படிப்பதில்லையே. இலக்கணத்தில் பந்தல் நிற்க வேண்டிய இடத்தில் பந்தர் நின்றாலும் போலிதான்.

பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. பெயரில் ஏமாந்தால் மருந்து தப்பாகிவிடும். பித்தியம் இன்சிடியோசம் என்ற நுண்ணுயிரைப் பாருங்கள். தேங்கிய நீரில் நீந்தி வரும் வித்து, காயம்பட்ட தோலில் ஒட்டி முளைத்து, இழை இழையாகச் சதைக்குள் ஓடுகிறது. குதிரையின் புண்ணுக்குள் பவளத்துண்டு போல மஞ்சள் கட்டிகள் இருக்கும். நுண்ணோக்கியில் இழையைப் பார்த்தவர் பூஞ்சை என்றே சொல்வார். அதற்கோ பழுப்புப் பாசிகள்தான் நெருங்கிய உறவு. பூஞ்சை மருந்துகள் பலவும் குறிவைப்பது எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளை; அது இதன் செல்சவ்வில் கிடையாது. மருந்து பெரும்பாலும் பலிக்காது. புண்ணைச் சீக்கிரமே வெட்டி எடுத்தால் பிழைக்க வழியுண்டு.

டெர்மட்டோபிலஸ் காங்கோலென்சிஸ் என்ற இன்னொரு நுண்ணுயிரின் கதை வேறு. 1915இல் காங்கோவில் மாடுகளில் கண்டு எழுதப்பட்டது, ஒட்டகத்துக்கும் வரும். கிளைவிடும் இழை நெடுக்கிலும் குறுக்கிலும் பிரிந்து, தண்டவாளம் போல இணைவரிசையில் உருண்டைகள் நிற்கும். பொருக்கைப் பிய்த்தால் மயிர்க்கொத்து தூரிகை மாதிரி கூடவே வரும். இவ்வளவு இழை இருந்தும் அது பாக்டீரியாதான், பென்சிலினுக்குக் கட்டுப்படும்.

அதனால் ‘பூஞ்சைப்போலி’ பொதுச்சொல்லாக மட்டும் இருக்கட்டும். இந்த இரண்டாவது நோய்க்கு ‘மழைப்பொருக்கு’ பொருந்தும். தோல் நனைந்து ஊறும்போதுதான் அது பரவுகிறது. முதலாவதற்கு ‘நீரிழை நோய்’ என்று எழுதி வைத்திருந்தேன். வீட்டில் வாசித்துக் காட்டினேன், “நீரிழிவா?” என்று கேட்டார்கள். அப்புறம் அடித்துவிட்டு ‘சதுப்புப்புண்’ என்று மாற்றினேன். நாலு தடவை வேகமாகச் சொன்னால் நாக்கு சிக்குகிறது. இதைவிட நல்லதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.