ஆப் எழுதப் பழகுறேன், முதல்ல என்ன செய்யலாம்? ஐடியா கொடுங்க

பட்டர்வொர்த்_தம்பி:
வணக்கம் அண்ணா, அக்கா எல்லாருக்கும். பினாங்குல டிப்ளமா படிக்கிறேன், ஃபோன் ஆப் செய்ற ஃபிளட்டர் டூலை ஓரளவுக்குக் கத்துக்கிட்டேன், பட்டன் வைக்கிறது, ஒரு ஸ்கிரீன்லேர்ந்து இன்னொண்ணுக்குப் போறது இதெல்லாம் வருது. யூடியூப்ல பார்த்தா எல்லாரும் டூ-டூ லிஸ்ட், கால்குலேட்டர்னுதான் செய்யச் சொல்றாங்க, அதை முடிச்சாலும் யாரும் திறந்து பார்க்கப் போறதில்ல. தனி ஆளா முடிக்கிற மாதிரியும் இருக்கணும், நிஜமா யாருக்காவது உதவவும் செய்யணும். லேப்டாப் 8 ஜிபி ராம்தான், மேக் கிடையாது.

பாயான்_லெப்பாஸ்_அக்கா:
தம்பி, ஐடியாவைத் தேடாதே, ஆளைத் தேடு. உனக்குத் தெரிஞ்சவங்கள்ல சின்னக் கடை வச்சிருக்கிற யாராவது இருப்பாங்க, கடன் சொல்லிட்டுப் போறவங்க கணக்கை இன்னும் அந்த 555 குட்டி நோட்டுலதான் எழுதிக்கிட்டிருப்பாங்க. அதை அப்படியே ஆப்பா செய். பேரு, தேதி, எவ்வளவு, அவ்வளவுதான். லாகின் வேணாம், சர்வர் வேணாம், எல்லாம் ஃபோன்லயே எஸ்கியூலைட்ங்கிற குட்டி டேட்டாபேஸ்ல இருக்கட்டும். கடையில லைன் கிடைக்காட்டியும் வேலை செய்யணும்ல.

ஒரு விஷயம் மட்டும் ஆரம்பத்துலேயே சரியா பண்ணு, காசை டபுள்ல, அதாவது புள்ளி வச்ச தசம எண்ணா, வைக்காதே. 0.1 கூட 0.2 கூட்டுனா கம்ப்யூட்டர் 0.30000000000000004ன்னு காட்டும், கடைக்காரம்மா அதைப் பார்த்தா அப்புறம் ஆப்பை நம்பவே மாட்டாங்க. எல்லாத்தையும் சென்ல, முழு எண்ணா வை, 4 ரிங்கிட் 92 சென்னா 492. காட்டும்போது மட்டும் ரிங்கிட்டா மாத்து. மளிகைக் கடைன்னா ரொக்கத்துக்கு ரவுண்டிங்கும் வேணும், நம்ம மலேசியால 2008 ஏப்ரல் 1லேர்ந்து மொத்தத் தொகையை கிட்ட இருக்கிற 5 சென்னுக்குக் கொண்டுவரணும், 4.92 வந்தா 4.90, 4.93 வந்தா 4.95. இந்த ஒரு ஃபங்ஷனை எழுதி, அது சரியா வருதான்னு பார்க்கிற டெஸ்ட் கோடும் எழுதிட்டேன்னா டூ-டூ லிஸ்ட்ல கிடைக்காத பாடம் கிடைச்சிடும்.

8 ஜிபில எமுலேட்டர், அதான் லேப்டாப்புக்குள்ளேயே ஓடுற போலி ஃபோன், அதை ஓட்டாதே, திணறும். உன் ஃபோனையே கேபிள்ல மாட்டு, செட்டிங்ஸ்ல பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டுனா டெவலப்பர் ஆப்ஷன் வரும், அதுல யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் பண்ணிக்கோ.

செந்தூல்_மணி:
அக்கா சொன்னதுதான் முதல்ல. நெட்லேர்ந்து டேட்டா எடுக்கப் பழகணும்னா அரசாங்கமே ஓப்பனா குடுக்குது, டேட்டா டாட் கவ் டாட் மை போய்ப் பாரு. பெட்ரோல் விலை வாராவாரம் வரும், ஒரே ஸ்கிரீன்ல முடிஞ்சிடும், ஏபிஐ, அதாவது ஒரு ஆப் இன்னொரு சர்வர்கிட்ட டேட்டா கேட்டு வாங்குற வழி, என்னன்னு புரிஞ்சிக்க அது போதும். அடுத்தது பஸ். ரேபிட் பினாங் டைம்டேபிள் ஜிடிஎஃப்எஸ்ங்கிற ஃபார்மட்ல இருக்கு, அது ஒரு ஜிப், உள்ளே சிஎஸ்வி மாதிரி கமா போட்டுப் பிரிச்ச டெக்ஸ்ட் ஃபைலுங்க, ஸ்டாப் எங்கே இருக்கு, எத்தனை மணிக்கு பஸ் வரணும் எல்லாம் அதுலேயே இருக்கும். முழு தீவுக்கும் செய்யப் போயிடாதே தம்பி, கொம்தார் பஸ் நிலையத்துல நிக்கிற ஒருத்தருக்கு அடுத்த பஸ் எப்போன்னு மட்டும் காட்டு. பஸ் இப்போ எங்கே வருதுங்கிற லைவ் டேட்டா புரோட்டோபஃப்ங்கிற வேற ஃபார்மட்ல வரும், அதைப் பிறகு பார்த்துக்கலாம்.

தமிழ்ப்பள்ளி_டீச்சர்:
எங்க பிள்ளைங்களுக்குத் தமிழ்ல சொல் விளையாட்டு வேணும்னு ரொம்ப நாளா ஆசை, யாராவது செய்யுங்களேன். எழுத்தைக் கலைச்சுப் போட்டு சொல்லைக் கண்டுபிடிக்கிற மாதிரி இருந்தாலே போதும். நான் பார்த்த சில ஆப்புல கொம்பு தனியா, கால் தனியா உடைஞ்சு வருது, ரெண்டாம் ஆண்டுப் பிள்ளை அதைப் பார்த்து என்ன கத்துக்கும்?

பாயான்_லெப்பாஸ்_அக்கா:
டீச்சர், அதுக்குக் காரணம் இருக்கு. பினாங்குன்னு எழுதுனா நமக்கு நாலு எழுத்து, ஆனா கம்ப்யூட்டர் எழுத்தை வச்சுக்கிற யூனிகோட் முறையில ப, இகரக் குறி, ன, கால், ங, புள்ளி, க, உகரக் குறின்னு எட்டு. வெறும் லெங்த் கேட்டா எட்டுன்னுதான் சொல்லும், கலைச்சுப் போட்டா குறியெல்லாம் சிதறும். ஃபிளட்டருக்கு எழுதுற டார்ட் மொழியில கேரக்டர்ஸ்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, அது பி, னா, ங், குன்னு சரியா பிரிச்சுக் குடுக்கும். க்ஷ மட்டும் ரெண்டா பிரியும், அதைத் தனியா கவனிக்கணும். தமிழ்ல டைப் பண்ற முரசு அஞ்சலும் செல்லினமும் செஞ்ச முத்து நெடுமாறன் நம்ம மலேசியாக்காரர்தான், அந்த ஊர்லேர்ந்து வர்ற ஆப்புல தமிழ் உடைஞ்சு தெரியக்கூடாதுங்க.

குளுகோர்_சிவா:
கூட்டு, அதான் சீட்டு, கட்டுறவங்களுக்குக் கணக்கு வைக்கிற ஆப் செய்யலாமா? எங்க ஏரியால நிறைய பேர் பிடிக்கிறாங்க.

செந்தூல்_மணி:
வேணாம் சிவா. கூட்டு நடத்துறதைத் தடை பண்ற சட்டம் 1971லேர்ந்தே இருக்கு. படிக்கிற பையனை அதுல இழுத்துவிடாதீங்க.

பட்டர்வொர்த்_தம்பி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். எங்க அத்தை மார்க்கெட்ல காய்கறி விக்கிறாங்க, 555தான் வச்சிருக்காங்க, அவங்களுக்கே செய்யப் போறேன். டீச்சர், உங்க விளையாட்டு அடுத்தது. ரெண்டு கேள்வி: பிளே ஸ்டோர்ல போடணுமா? யாராவது கடனைக் கட்டிட்டா அந்த வரியை டிலீட் பண்ணிடவா?

பாயான்_லெப்பாஸ்_அக்கா:
ஸ்டோர் இப்போ வேணாம். 25 அமெரிக்க டாலர் ஒரு தடவை கட்டணும், புது பெர்சனல் அக்கவுண்ட்னா 12 பேர் விடாம 14 நாள் டெஸ்ட் பண்ணியிருக்கணும். ஆப்பை இன்ஸ்டால் பண்ற ஏபிகே ஃபைலை வாட்ஸ்அப்ல அத்தைக்கு அனுப்பு, போதும்.

டிலீட் மட்டும் பண்ணவே பண்ணாதே. கட்டுனதையும் தனி வரியா தேதியோட எழுது, மிச்சத்தை ஆப் கூட்டிக் கழிச்சுக் காட்டட்டும். நாளைக்கு ஒருத்தர் வந்து "நான்தான் போன வாரமே குடுத்துட்டேனே"ன்னா அத்தை ஃபோனைத் திருப்பிக் காட்ட முடியணும்.