ரஸ்ஸலின் எடின்பரோ கடிதம்: தானியச் சட்டத்தை வீழ்த்தியது அதுதானா?

பழைய ஏடு:
1845 நவம்பர் 22. பிரிட்டனின் எதிர்க்கட்சியான விக் கட்சியின் தலைவர் லார்ட் ஜான் ரஸ்ஸல், எடின்பரோவில் இருந்தபடி தன் தொகுதியான லண்டன் நகர வாக்காளர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போடும் சட்டம் அடியோடு போக வேண்டும் என்றார். 1841இல் குவார்ட்டர் என்ற தானிய அளவுக்கு 8 ஷில்லிங் நிலையான வரி கேட்டவர் இவர். இருபது ஆண்டுகளில் தன் கருத்து பெரிதும் மாறிவிட்டதென்று அதே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். சட்டம் உடைந்தது இந்தக் கடிதத்தால்தான் என்பேன்.

கரிசல்:
மறுக்கிறேன் ஐயா. கன்சர்வேட்டிவ் கட்சிப் பிரதமர் பீல் நவம்பர் தொடக்கத்திலேயே வெளிநாட்டுத் தானியத்துக்குத் துறைமுகங்களைத் திறந்துவிடலாம் என்று அமைச்சரவையில் கேட்டார். மூன்றே பேர்தான் ஆதரித்தார்கள். உருளைக்கிழங்கு அழுகிப்போன அயர்லாந்துக்காக அமெரிக்க மக்காச்சோளம் வாங்கவும் ரகசியமாக ஏற்பாடு செய்தார். ரஸ்ஸலோ சொந்தக் கட்சிக்காரர்களைக்கூடக் கலக்காமல் எழுதினார். அதன் பிறகு பீல் எதைச் செய்தாலும் ரஸ்ஸலைப் பின்பற்றியது போலத்தானே தெரியும்?
அப்புறம் நடந்ததையும் பாருங்கள். டிசம்பரில் பீல் விலகினார், அரசியார் ரஸ்ஸலை அழைத்தார். சக விக் தலைவர் பாமர்ஸ்டன் வெளியுறவு அமைச்சரானால் நான் அமைச்சரவையில் சேரமாட்டேன் என்று அதே கட்சியின் கிரே பிரபு மறுத்துவிட, ரஸ்ஸல் கைவிரித்தார். மறுபடியும் பீல்தான் சுமையைத் தூக்கினார்.

பழைய ஏடு:
அமைச்சரவைக்குள் பேசுவது வேறு, ஊரறியச் சொல்வது வேறு. அந்தக் கடிதம் வந்ததும் விக் கட்சிக்கு நடுவழி இல்லாமல் போனது. தானியச் சட்டத்தை நீக்க பீல் கொண்டுவந்த மசோதா மீது 1846 மே 15இல் மக்களவையில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 327, எதிர்ப்பு 229. அந்த 327இல் பீலின் கட்சிக்காரர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். மற்றவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள்?

கரிசல்:
சரி, அந்த எண்ணிக்கையை மறுக்கவில்லை. ஆனால் விலை கொடுத்தது யார்? பீலின் கட்சி இரண்டாகப் பிளந்தது. ஜூனில் அந்த நீக்க மசோதா பிரபுக்கள் சபையைத் தாண்டிய அதே இரவில், அயர்லாந்து அடக்குமுறை மசோதாவில் 292க்கு 219 என்று அவரைக் கவிழ்த்தார்கள். பிரதமர் நாற்காலி ரஸ்ஸலுக்குப் போனது.

தென்றல்:
இருவரும் வாக்குகளை எண்ணுகிறீர்கள். இந்தக் கடிதம் எழுதப்பட்ட நேரத்தில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு மண்ணிலேயே அழுகிக்கொண்டிருந்தது. அதை மட்டுமே உண்டு வாழ்ந்த குடியானவர் கையில் காசே இல்லை. ரொட்டி மலிவானால் அவருக்கு என்ன? வரியும் உடனே போய்விடவில்லை, 1849 பிப்ரவரி வரை படிப்படியாகக் குறைப்பதாகத்தான் புதிய சட்டம் சொன்னது. 1846இல் விளைச்சல் ஏறக்குறைய முழுவதும் போனபோது பிரதமர் யார்? இதே ரஸ்ஸல். தானிய இறக்குமதியை வணிகர்களிடம் விட்டுவிட்டது அவர் அரசு. பழைய தானியச் சட்டம் காய்ச்சலுக்கும் சாவுக்கும் காரணம் என்று அந்தக் கடிதத்தில் எழுதியவர் அவர்தான்! அந்தப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

பழைய ஏடு:
அயர்லாந்து விஷயத்தில் ரஸ்ஸலுக்காக நான் வாதாடப் போவதில்லை, தென்றல். நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அது அவர் ஆட்சியின் குற்றம். கடிதம் தன் நிலையை மாற்றிவிட்டதென்று 1846 ஜனவரியில் பீலே மக்களவையில் சொன்னார். கரிசல், அதற்கு உங்கள் பதில் என்ன?

கரிசல்:
மாற்றியது உண்மை. அவர் வேலையைக் கடினமாக்கியது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.