மறைஞானம், ஒப்பியல் சமயம் படிக்க இணையத்தில் எங்கே தொடங்கலாம்?

மல்லாவிப் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். ஏஎல்லுக்கு இந்து நாகரிகம் படித்தேன், சோதனை முடிந்து முடிவுக்காகக் காத்திருக்கிறேன். திருமந்திரம், சூஃபிகள், கிறிஸ்தவ மறைஞானிகள், மேற்கத்தேய இரகசிய ஞான மரபுகள் இவற்றைப் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்க ஆசை. யூரியூப்பில் தேடினால் சிவப்பு எழுத்தில் ‘சித்தர் இரகசியம்’ தான் வரிசையாக வருகிறது. இங்கே வாசிகசாலையில் இந்த வகைப் புத்தகம் குறைவு, யாழ்ப்பாணம் போய் வர ஒரு நாள் போய்விடும். போனில்தான் வாசிக்க வேண்டும், டேட்டாவும் பார்த்துப் பார்த்துத்தான். ஆங்கிலம் மெதுவாக வாசிப்பேன்.

கனகராயன்:
தங்கச்சி, மூல நூலில் தொடங்குங்கோ, விளக்கம் சொல்பவர்களைப் பிறகு பார்க்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற தமிழ் மின்னூல் தளத்தில் திருமந்திரம், சைவ ஞானி தாயுமானவர், சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்கள் எல்லாம் இலவசம். படமாக இல்லாமல் எழுத்தாகவே இருப்பதால் டேட்டா அதிகம் போகாது, சொல் போட்டும் தேடலாம். தாயுமானவரையும் மஸ்தான் சாகிபுவையும் ஒரே மாலையில் மாறி மாறி வாசித்துப் பாருங்கோ. ஒருவர் பராபரமே என்று முடிப்பார், மற்றவர் ரகுமானே என்று முடிப்பார், ஓசை ஒன்றாகத்தான் கேட்கும். நம் ஊர்ப் பக்கத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற இணையத்தளம், அங்கே சிவதொண்டன் இதழ்கள் கிடைக்கும், யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமியை அறிய அது போதும். அவை ஸ்கான் கோப்புகள், அதனால் வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கி வையுங்கோ.

இன்னொன்று, பொன்னம்பலம் இராமநாதன் ஸ்ரீ பரானந்தா என்ற பெயரில் 1898இல் மத்தேயு நற்செய்திக்கும் 1902இல் யோவானுக்கும் உரை செய்தார், இயேசுவை ஒரு ஞானகுருவாகவே வாசிக்கிறார். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச நூல் தளத்தில் இருக்கிறது. நீங்கள் கேட்கிற ஒப்பீட்டை நூறு வருடத்துக்கு முன்னமே நம்மவர் ஒருவர் செய்து வைத்திருக்கிறார்.

ஒட்டுசுட்டான் வாசகன்:
அண்ணா சொன்னது சரி, ஆனால் இராமநாதனோடு நின்றுவிட்டால் ‘எல்லா ஞானியும் ஒன்றைத்தான் கண்டார்கள்’ என்ற முடிவோடு தங்கச்சி தொடங்கிவிடுவா. அதுதான் இந்தத் துறையில் பெரிய சண்டையே. 1978இல் ஸ்டீவன் காட்ஸ் என்பவர், யூதர் காண்பது யூத அனுபவம், பௌத்தர் காண்பது பௌத்த அனுபவம், அவரவர் மரபுதான் அனுபவத்தையே வடிவமைக்கிறது என்று எழுதினார். ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியத்தில் மறைஞானம் பற்றிய கட்டுரை இரு பக்க வாதத்தையும் இலவசமாகத் தருகிறது. கடினமான ஆங்கிலம், ஒரு தடவைக்கு ஒரு பகுதி போதும்.

சேக்ரட் டெக்ஸ்ட்ஸ் என்று ஒரு தளத்தை எல்லாரும் காட்டுவார்கள். சமய நூல்களுக்கு நல்ல களஞ்சியம்தான், ஆனால் பதிப்புரிமை முடிந்த பழைய மொழிபெயர்ப்புகளே கூடுதல். 1879இல் தொடங்கிய, மாக்ஸ் முல்லர் பதிப்பித்த கீழைத்தேயச் சமய நூல் மொழிபெயர்ப்புத் தொகுதிகளை வாசித்துவிட்டு இதுதான் பௌத்தம் என்று முடிவு கட்டக் கூடாது. புத்தரின் போதனைகளான பாளி ‘சுத்த’ நூல்களுக்கு சுத்தசென்ட்ரல் என்ற தளத்துக்குப் போங்கோ, புதிய மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. மேற்கத்தேய இரகசிய ஞான மரபுக்கு, பழைய சஞ்சிகைகளைச் சேர்த்து வைக்கும் ஐஏபிஎஸ்ஓபி (IAPSOP) தளத்தில் பிரம்மஞான சபையாரின் பழைய சஞ்சிகைகளைப் பார்க்கலாம். 1880இல் அந்தச் சபையை நிறுவிய ஒல்கொட்டும் பிளவாட்ஸ்கியும் நம் நாட்டுக் காலி நகரில் வந்திறங்கிப் பஞ்சசீலம் எடுத்துப் பௌத்தர் ஆனவர்கள், ஆகவே அது நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை.

வற்றாப்பளை நிலா:
எல்லாரும் தளம் தளமாகச் சொல்கிறீர்கள், வன்னியில் இருக்கிற பிள்ளைக்கு ஒப்பியல் சமயம் வீட்டு வாசலில் கிடக்கிறது! வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு உப்புநீரில் விளக்கெரியும் அதே கண்ணகி, சிங்களவரிடம் பத்தினித் தெய்வம். மடுவில் இருக்கிற கத்தோலிக்கரின் மாதா கோயிலுக்குச் சைவச் சனமும் போகும். மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1984இல் பத்தினி வழிபாடு பற்றிப் பெரிய புத்தகமே போட்டார், அதன் வேர் சமண, பௌத்த மரபில் இருக்கிறது என்பது அவருடைய வாதம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, ஆனாலும் சிலப்பதிகாரத்தில் இலங்கை அரசன் கயவாகு வருகிற இடத்தைப் பக்கத்தில் வைத்து வாசித்தால் நேரம் போவதே தெரியாது. அப்புறம் தங்கச்சி, யூரியூப்பைப் பார்த்து மூச்சை அடக்கும் வேலை மட்டும் வேண்டாம். திருமந்திரத்தில் குருவைப் பற்றி எவ்வளவு பாட்டு இருக்கிறது என்று பாருங்கோ.

மல்லாவிப் பிள்ளை:
அண்ணா, அக்கா எல்லாருக்கும் நன்றி. மூச்சுப் பயிற்சி பக்கமே போகமாட்டேன் அக்கா, அம்மாவும் விடமாட்டா. தாயுமானவரையும் மஸ்தான் சாகிபுவையும் இப்போதே இறக்கிவிட்டேன். திருமந்திரம் மூவாயிரம் பாட்டு, உரை இல்லாமல் எனக்கு விளங்குமா?

கனகராயன்:
திருமந்திரத்தின் பகுதிகளைத் தந்திரம் என்பார்கள். முதல் தந்திரம் ஓரளவு விளங்கும், அது யாக்கை நிலையாமை, கொல்லாமை, கல்வி என்று போகும். மூன்றாம் தந்திரத்தில் யோகம் வரும்போது உரை கட்டாயம் வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் உரையோடு தேடிப் பாருங்கோ.